பதில் பார்க்க வந்த வீடுகள்

ஒரு ஊர் இருந்தது, அந்த ஊருக்கு ஒரு குளம் இருந்தது, குளத்துக்குத் தண்ணீர் வராமல் போன ஒரு வருசம் இருந்தது, அந்த வருசத்துக்குள்ளே ஒரு ஆனி மாதம் இருந்தது. 'ம்' கொட்டினால் மேலே சொல்லலாம், கொட்டாவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் நடந்தது நடந்ததுதான்.

ஊர் கீழப்பூவாணி. அந்த ஊரில் உரக்கடை வைத்திருந்த ஆறுமுகநயினாருக்கும், அவருடைய தங்கச்சி முப்பிடாதிக்கும், கடைசித் தம்பி இசக்கிராசாவுக்கும் சேர்ந்தாற்போல் ஒரு வயல் இருந்து, அது நாலுவழிச் சாலைக்குப் போய்விட்டது. சாலை வந்தது, சாலைக்கான தொகையும் வந்தது, மூன்று பேர் பேரிலும் ஒரே கணக்கில் வந்து உட்கார்ந்தது. ஆளுக்கொரு பங்காகப் பிரித்தால் ஆளுக்கொரு மனைக்கட்டு தேறும், அதற்கு வேலி போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். சேர்த்துப் போட்டால் ஏதாவது ஒரு டவுனில் பல குடும்பம் வாடகைக்கு இருக்கிற ஒரு வளவையே வாங்கலாம், மாதம் பிறந்தால் வாடகை வரும். இந்த யோசனையைச் சொன்னவள் முப்பிடாதி. புருசன் மஸ்கட்டில் இருந்தான். அவள் ஊரில் மகளிர் குழுவை நடத்திக்கொண்டு, பேச்சைக் குறைத்து, கேள்வியைக் கூட்டி வாழ்கிறவள்.

அண்ணன் கொஞ்ச நேரம் மீசையைத் தடவிவிட்டுச் சொன்னார்: அவளே போய் ஊர் ஊராகப் பார்த்துவிட்டு வரட்டும், ஆனால் முடிவு ஆம்பிளைகள் எடுப்பார்கள். இன்னொன்றும் சொன்னார். ஆடி பிறந்தால் யாரும் பத்திரம் பதியப்போவதில்லை, அதற்குள் மூன்று பேருக்கும் ஒரு மனசு வராவிட்டால் பிரித்துக்கொண்டு அவரவர் பாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். முப்பிடாதி தலையாட்டினாள். பிரித்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். மூன்று பேரும் வருசத்துக்கு இரண்டு தடவை ஒரே வரப்பில் நின்றதே அந்த வயலால்தான், நடவுக்கு ஒரு தடவை, அறுப்புக்கு ஒரு தடவை. வயலும் போய்த் தொகையும் பிரிந்துவிட்டால், அண்ணன் கடைக்குள் இருப்பார், தம்பி லோடு ஆட்டோவில் இருப்பான், அவள் வீட்டுக்குள் இருப்பாள், கல்யாணச் சாப்பாட்டில் எதிரெதிர் இலையில் பார்த்துக்கொண்டால் உண்டு.

ஆகவே அவள் புறப்பட்டாள். திருப்பூருக்குப் போனாள், அங்கே லைன் வீடு என்றார்கள். ஓசூருக்குப் போனாள், அங்கே மாடிமேல் மாடி ஏற்றி பில்டிங் என்றார்கள். தூத்துக்குடிக்குப் போனாள், அங்கே நம் ஊர்ப் பேச்சுப்படியே வளவு என்றார்கள். எங்கே போனாலும் தரகரை அவள் முதலில் பார்க்கவில்லை. தெருத்தெருவாக நடந்து, 'வாடகைக்கு' என்று எழுதிய அட்டை எத்தனை நாளாகத் தொங்குகிறது, வெயிலில் அதன் மை வெளுத்திருக்கிறதா என்று பார்த்தாள். பள்ளிக்கூட வாசலில் நின்று, நடு வருசத்தில் டி.சி. வாங்கிக்கொண்டு போகிற பிள்ளைகள் உண்டா என்று வாட்ச்மேனிடம் கேட்டாள். இரும்புக்கடையில் பூட்டு எப்படி விற்கிறது என்று கேட்டாள், ஆள் அடிக்கடி மாறுகிற தெருவில் பூட்டு நன்றாக விற்கும் என்பது அவளே கண்டுபிடித்த விசயம்.

எல்லாவற்றையும் கேட்டவள் ஒன்றை மட்டும் கேட்கவில்லை. கீழப்பூவாணியில் ஒரு வழக்கம். பெண் பார்க்கப் போனாலும், மாடு பிடிக்கப் போனாலும், நிலம் பேசப் போனாலும், பேச்சு முடிகிற வரைக்கும் அந்த வாசலுக்குள் கை நனைக்கக் கூடாது. சோறு கூடாது, காப்பி கூடாது, பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. குடித்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். மூன்று ஊரிலும் செம்பை நீட்டினார்கள், மூன்று ஊரிலும் அவள் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, பொது இடமான டீக்கடையில் குடித்தாள்.

அவள் கொண்டுவந்த சேதி இதுதான். திருப்பூரில் வாடகை நல்ல வாடகை, காலையில் அட்டை தொங்கினால் சாயங்காலத்துக்குள் ஆள் வந்துவிடுகிறது. ஓசூரில் வாடகை சுமார், ஆனால் இடத்தின் மதிப்பு ஏறுகிற ஏற்றத்தில் விற்கிறவர் காப்பி குடித்து முடிப்பதற்குள் விலையைக் கூட்டுகிறார். தூத்துக்குடியில் விலையும் குறைவு, வாடகையும் குறைவு, ஆனால் குடியிருக்கிறவர்கள் காலி பண்ணுவதே இல்லை, வளவில் பிறந்த பிள்ளைகள் வளவிலேயே கல்யாணம் முடித்து அடுத்த வாசலில் குடித்தனம் வைத்திருக்கிறார்கள். அண்ணன் உடனே ஓசூர் என்றார். தம்பி உடனே திருப்பூர் என்றான். முப்பிடாதிக்கு ஒரு விசயம் மட்டும் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. ஆள் காலி பண்ணாத ஊரில் வாடகை ஏன் ஏறவில்லை? அந்த ஊர்த் தரகரைக் கேட்டதற்கு அவர், இங்கே இவ்வளவுதாம்மா என்று சொல்லி முடித்துவிட்டார். அது பதில் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது, பதில் எது என்று தெரியவில்லை.

இப்படி இருக்கையில் ஒரு நாள் விடிந்தபோது, ஆட்டுக்காரர்கள் குளத்துக்குள் ஆட்டை இறக்கப் போனால், குளத்துக்குள் மூன்று வீடுகளும் வந்து நின்றன. கிழக்கே தகரக் கூரையோடு திருப்பூர் லைன் வீடு ரயில் மாதிரி நீளமாக நின்றது, நடுவில் ஓசூர் பில்டிங் பளபளக்கிற கைப்பிடிக் கம்பியோடு மூன்று மாடி உயரத்துக்கு நின்றது, மேற்கே தூத்துக்குடி வளவு ஓட்டுக் கூரையும் முற்றமும் முற்றத்துக் கிணறுமாக நின்றது. வாசலில் ஆட்கள் பல் விளக்கிக்கொண்டிருந்தார்கள். கொடியில் துணி காய்ந்தது. ஆடுகள் ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போயின.

ஊர்ப் பெரியவர்களிடம் சொன்னதும் அவர்கள் வெற்றிலையைக்கூடத் துப்பவில்லை. அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்றார்கள். நம்ம பிள்ளை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள், இப்போது அவர்கள் பதில் பார்க்க வந்திருக்கிறார்கள், பெண் வீட்டுக்காரன் பார்த்தால் மாப்பிள்ளை வீட்டுக்காரன் வந்து பார்க்க மாட்டானா, எப்படிப்பட்ட ஓனர் கையில் விழப்போகிறோம் என்று வீட்டுக்கும் தெரிய வேண்டாமா. பேசி முடித்துத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவருக்கு மட்டும் தீர்வை ரசீது போடுவதா வேண்டாமா என்று கவலை. யோசித்து, விருந்தாளிக்குத் தீர்வை கிடையாது என்று முடிவு செய்தார்.

அந்த வீடுகளுக்கு முன்வாசல் கீழப்பூவாணியில் திறந்தது, பின்வாசல் அவையவை ஊரிலேயே திறந்தது. குடியிருந்தவர்கள் பின்வாசல் வழியாக வேலைக்குப் போய், வேலை முடிந்து பின்வாசல் வழியாகவே வந்து, முன்வாசலில் உட்கார்ந்து ஊரைப் பார்த்தார்கள். ஊர் பழகுவதற்கு ரொம்ப நாள் ஆகவில்லை. திருவிழாவில் வாங்கிய பனியன் சேரவில்லை என்று ஒருவர் திருப்பூர் லைன் வீட்டுக்குள் நுழைந்து அந்தப் பக்கம் இறங்கி மாற்றிக்கொண்டு வந்தார். பூக்கட்டுகிற பெண்கள் விடியக் கருக்கலில் ஓசூர் வழியாகப் போய் ரோசாப்பூ வாங்கி வந்தார்கள். முப்புரியம்மாள் என்கிற கிழவி கடலையே பார்த்ததில்லை, வளவுக்குள் நுழைந்து பார்த்துவிட்டு வந்து, இவ்வளவு தண்ணியையும் வச்சிக்கிட்டு நம்ம குளத்துக்கு ஒரு குடம் விடலையே என்று வைதாள். மினி பஸ்காரர்தான் பாவம். வண்டியில் ஆள் ஏறவில்லை. முதல் வாரம் தலைவரிடம் முறையிட்டார், அடுத்த வாரம் பஸ்ஸைக் குளத்துக்கரையில் நிறுத்திவிட்டு அவரும் கடலைப் பார்க்கப் போய்விட்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, ஒன்றைத் தவிர. வந்தவர்கள் கை நனைக்கவில்லை. ஊர் பானகம் கரைத்து அனுப்பியது, சுண்டல் அனுப்பியது, கருப்பட்டிக் காப்பி தூக்குவாளியில் அனுப்பியது. போன பாத்திரம் எல்லாம் போன மாதிரியே திரும்பி வந்தது. லைன் வீட்டில் எல்லோருக்கும் பெரிய மனுசியாக இருந்தவள் கனகமணி என்கிற தையல்காரி, அவள் கையெடுத்துக் கும்பிட்டு, "தப்பா நெனச்சுக்காதீங்க. பாக்க வந்த எடத்துல எப்புடிங்க?" என்றாள். ஊருக்குப் பெருமையாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது. முறை தெரிந்த ஆட்கள் என்பதில் பெருமை, வந்தவர்களுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க முடியவில்லையே என்பதில் வருத்தம்.

அண்ணனும் தம்பியும் தங்கள் கட்சியை நிரூபிக்க ஆளுக்கொரு காலி அறையைப் பிடித்துக் குடியேறினார்கள். ஆறுமுகநயினார் ஓசூர் பில்டிங்கின் உச்சி மாடியில், இசக்கிராசா லைன் வீட்டின் நடு அறையில். வாங்கப் போகிறவன் வந்து தங்கிப் பார்ப்பதில் முறை தவறவில்லை, ஆனால் அவர்களும் கை நனைக்காமல், சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து போனார்கள்.

அங்கே இருந்து பார்த்தால்தான் சில விசயம் தெரிந்தது. ஓசூர் பில்டிங்கில் தண்ணீர் லாரியில் வந்தது. ஆறுமுகநயினார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பின்வாசலில் குடத்தோடு நிற்கிற வரிசையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். வெயில் ஏற ஏற லாரித் தண்ணீரின் விலையும் ஏறியது. அங்கே காவல்காரனாக இருந்த முனிராஜிடம், இது எப்போதாவது மாறுமா என்று கேட்டார். முனிராஜ் வானத்தைக் காட்டினான். இதற்கு நடுவில் விற்கிறவர் தினமும் போன் பண்ணி விலையைக் கூட்டினார்; வாங்குகிற வரைக்கும் விலை ஏறுவது விற்கிறவனுக்குத்தான் லாபம் என்பது உரக்கடைக்காரருக்குத் தெரியாதது இல்லை, ஆனால் சொன்ன சொல்லை எப்படி விழுங்குவது.

லைன் வீட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பாதிக் கதவுகளில் பூட்டுத் தொங்கியது. கம்பெனிக்கு ஆர்டர் நின்றுவிட்டது, வடக்கத்திப் பையன்கள் ஒரே ராத்திரியில் ரயிலேறிவிட்டார்கள். இசக்கிராசா பூட்டுகளைப் பார்த்துக்கொண்டு நிற்க, கனகமணி மிசினை மிதித்தபடியே, "ஆர்டர் வந்தா வருவாங்க கண்ணு, இல்லீன்னா போவாங்க. நாம என்ன பண்ண முடியும்?" என்றாள். இசக்கிராசா யாரிடமும் சொல்லவில்லை. அக்காளிடம் சொன்னால் சிரிப்பாள் என்று நினைத்தான்.

ஆக இரண்டு பேருக்கும் உள்ளுக்குள் தெரிந்தது, இரண்டு பேரும் வெளியே விடவில்லை, ஆனி மட்டும் தேய்ந்துகொண்டே போனது. கடைசியில் குளத்துக்கரையில் ஒரு சாயங்காலம் வாய்ச்சண்டை ஆகி, அண்ணன் தம்பியைப் பார்த்து ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு என்னலே தெரியும் என்று கேட்டு, தம்பி அண்ணனைப் பார்த்து மூட்டைக்கு மூட்டை எடையில் குறைக்கிறவருக்கு ரொம்பத் தெரியுமோ என்று கேட்டு, மறுநாள் பாங்குக்குப் போய்ப் பிரித்துக்கொள்வது என்று முடிந்தது. முப்பிடாதியிடம் யாரும் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் முப்பிடாதி தலையை முடிந்துகொண்டு குளத்துக்குள் இறங்கினாள். லைன் வீட்டில் தொங்கிய பூட்டுகளையும் ஓசூர் பில்டிங்கில் லாரிக்குக் காத்திருந்த காலிக் குடங்களையும் பார்த்தபடியே தூத்துக்குடி வளவுக்குப் போனாள். முற்றத்தில் ஜெபக்கனி மீன் அரிந்துகொண்டிருந்தாள். அந்த வளவிலேயே பிறந்து, அந்த வளவிலேயே வாழ்க்கைப்பட்டு, பேரன் எடுத்துவிட்டவள் அவள். முப்பிடாதி கிணற்றுப் பக்கத்தில் உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்றாள்.

வளவு முழுக்கச் சத்தம் அடங்கியது. அரிவாள்மணை நின்றது, துவைகல் நின்றது, எங்கோ பாடிக்கொண்டிருந்த ரேடியோவைக்கூட யாரோ குறைத்தார்கள்.

"தண்ணியா கேக்கிய?" என்றாள் ஜெபக்கனி.

"ஆமா."

"குடிச்சா பேச்சு முடிஞ்சதுன்னு அர்த்தம்லா உங்க ஊர்ல?"

"குடிக்காம பாத்ததுலதான் எனக்கு ஒண்ணுமே புரியல. குடுங்க."

ஜெபக்கனி கையைக் கழுவிவிட்டு இரண்டு செம்பு கொண்டுவந்தாள். ஒன்றில் விலைக்கு வாங்கிய கேன் தண்ணீர், ஒன்றில் முற்றத்துக் கிணற்றுத் தண்ணீர். முப்பிடாதி கிணற்றுச் செம்பைத்தான் எடுத்தாள். ஒரு மடக்கு உள்ளே போனதும் அவள் முகம் கோணியது. உப்பு. கஞ்சியில் போட மறந்த உப்பெல்லாம் அங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறதோ என்கிற மாதிரி உப்பு. அதில் பருப்பு வேகாது, தலைக்கு ஊற்றினால் சிக்கெடுக்க முடியாது, ஆகவே வளவில் இருக்கிறவர்கள் வாடகை போக, வாடகையில் பாதி அளவுக்குக் கேனுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை ஜெபக்கனி உட்கார்ந்து விவரமாகச் சொன்னாள். அடுத்த தெரு வரைக்கும் நல்ல தண்ணீர்க் குழாய் வந்துவிட்டது. அந்தத் தெருவில் இதே மாதிரி வீட்டுக்கு வாடகை ஒன்றரை மடங்கு. குழாயை வளவுக்குள் இழுக்க இப்போதைய ஓனர் மனசு வைக்கவில்லை, அவர் எங்கேயோ வெளியூரில் இருந்துகொண்டு வாடகையை மட்டும் கேட்கிறவர்.

"இத அன்னைக்கே சொல்லக் கூடாதா?" என்றாள் முப்பிடாதி.

"நீங்க தண்ணியே கேக்கலையே தாயி. செம்ப நீட்டினேன், கும்பிடு போட்டுட்டுப் போயிட்டிய."

முப்பிடாதி செம்பைப் பார்த்தாள். குத்திக்கொண்டிருந்த முள் வெளியே வந்துவிட்டது. அவள் சிரித்தாள், வீடுகள் வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. செம்போடு எழுந்து, தண்ணீர் தளும்பாமல், பாங்குக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டு நின்ற அண்ணனிடமும் தம்பியிடமும் நடந்தாள். அவள் கை நனைத்த சேதி அவளுக்கு முன்னாலேயே கரையேறி வந்திருந்தது, ஊரே கூடி நின்றது.

"ஏட்டி, யாரக் கேட்டு கை நனைச்ச?" என்றார் ஆறுமுகநயினார்.

"யாரையும் கேக்கல. குடிச்சுப் பாருங்க."

அவர் ஊரைப் பார்த்தார், செம்பைப் பார்த்தார், ஊர் முன்னால் தங்கச்சி நீட்டியதைத் தட்டிவிடுகிற அளவுக்கு அவர் கெட்டவர் இல்லை. ஒரு வாய் குடித்தார். துப்பப் போனவர் எப்படியோ விழுங்கிவிட்டார். செம்பு இசக்கிராசா கைக்குப் போனது, அவன் குடித்துவிட்டு நாக்கை நீட்டிக்கொண்டு நின்றான்.

"உப்புல்லா இது," என்றார் அண்ணன். "இதப் போயா வாங்கச் சொல்லுத?"

"இதத்தான் வாங்கச் சொல்லுதேன். திருப்பூர்ல ஆர்டர் நின்னா நம்ம என்ன செய்ய முடியும்? ஓசூர்ல மண்ணுக்குள்ள தண்ணி இல்லைன்னா நம்ம என்ன செய்ய முடியும்? அதெல்லாம் நம்ம கையில இல்லண்ணே. இங்க இருக்க குறை ஒரு குழாய். குழாய் வந்தா வாடகை ஏறும், ஆளும் போக மாட்டாவ. விலை குறைச்சலா இருக்கதே இந்த உப்புனாலதான். உப்ப விலைக்கு வாங்குவோம், தண்ணிய நம்ம போடுவோம்."

இத்தனை வருசம் கடைக்கு வந்த விவசாயிகளிடம் ஆறுமுகநயினாரே சொல்லிச் சொல்லி வாய் வலித்த விசயம் அது. மண்ணில் குறை இருந்தால் உரம் போட்டுச் சரிக்கட்டலாம், மழையில் குறை இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத்தான் வேண்டும். அதை இப்போது தங்கச்சி அவருக்கே திருப்பிச் சொல்கிறாள். லாரிக்காகக் குடங்கள் வரிசையில் நின்ற காலைநேரமெல்லாம் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், மீசையைத் தடவினார். இசக்கிராசா பூட்டுகளைப் பற்றி அப்போதுதான் வாயைத் திறந்தான், செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தால் ஒரு வாரத்துச் சண்டை மிச்சமாகியிருக்குமே என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

பின்னாலேயே ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஜெபக்கனி வந்தாள். தாங்களும் பார்க்கத்தான் வந்தோம், பார்த்துவிட்டோம் என்றாள். குழாய் வந்த மாசத்திலிருந்து வாடகையைக் கூட்டுங்கள், ஒரு வார்த்தை பேச மாட்டோம், அதற்கு முந்தின மாசம் கூட்டினால் வளவு முழுக்க ஒத்துமையாக எதிர்த்து நிற்கும் என்றாள். உரக்கடைக்காரர் பதிவு முடிந்த அன்றைக்கே கூட்டலாமா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டுப் பார்த்தார். ஜெபக்கனி இசக்கிராசா கையில் இருந்த உப்புத் தண்ணீர்ச் செம்பைப் பார்த்தாள். உரக்கடைக்காரர் உடனே, சரி, குழாய் வந்த பிறகுதான் என்றார். ஊர் சிரித்தது.

அதன் பிறகு ஊரைப் பிடிக்க முடியவில்லை. பேச்சு முடிந்த வளவுக்காரர்கள் இனிமேல் சம்பந்தக்காரர்கள், கை நனைக்கலாம்; பேச்சு முறிந்த மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் இனிமேல் வெறும் விருந்தாளிகள், விருந்தாளியும் கை நனைக்கலாம். இத்தனை நாள் திரும்பி வந்த பாத்திரத்துக்கெல்லாம் சேர்த்து ஊர் அன்றைக்கே சமைத்தது. குளத்துக்குள் பந்தி விரித்தார்கள், சொதி ஊற்றினார்கள், பாயசம் ஊற்றினார்கள், பஞ்சாயத்துத் தலைவரே வாளியைத் தூக்கினார். கனகமணி மூன்று தடவை ரசம் கேட்டு வாங்கினாள். பாத்தது பாத்ததாவே இருக்கட்டும், ஆனா சோறு சோறுதானுங்க என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். முனிராஜ் ஊர்க் குழாயில் தண்ணீர் குடித்தான், குடித்தான், வயிறு முட்டக் குடித்துவிட்டு முகத்தையும் கழுவிக்கொண்டான்.

சாப்பிட்ட கை காய்வதற்குள் கனகமணியின் போன் அடித்தது, ஆர்டர் வந்துவிட்டது, லைன் வீடு நீளவாக்கில் ஒரு தடவை அசைந்து கிழக்குக் கரையைத் தாண்டிப் போனது. ஓசூர் பில்டிங் லாரிச் சத்தம் கேட்டதும் முனிராஜையும் ஏற்றிக்கொண்டு அவசரமாகக் கிளம்பியது. வளவு மட்டும் நிதானமாக, கொடியில் துணியெல்லாம் எடுத்து முடிகிற வரைக்கும் இருந்து, பிறகு ஓடு ஒன்றுகூட நழுவாமல் கடல் பக்கமாகப் போனது. மினி பஸ்காரர் கரையில் நின்ற பஸ்ஸைத் துடைத்து ஹாரன் அடித்துப் பார்த்துக்கொண்டார். ஊர் பாத்திரங்களைப் பொறுக்கிக்கொண்டு கலைந்தது.

குளத்துக்கரையில் மூன்று பேர் மட்டும் நின்றார்கள். ஆனி முடிய இன்னும் நாள் இருந்தது, நல்ல முகூர்த்தமும் இருந்தது.

"பத்திரத்துல உம் பேர மொதல்ல போடச் சொல்லுதேன்," என்றார் ஆறுமுகநயினார், அவளைப் பார்க்காமல்.

"அப்ப என் பேரு கடைசியாண்ணே?" என்றான் இசக்கிராசா.

"நீ எப்பவும் கடைசிதாம்ல. நாளைக்குக் காலைல ஆட்டோவ எடு, மூணு பேரும் போய்க் குழாய் விசாரிச்சிட்டு வந்திருவோம்."

சொல்லிவிட்டு அண்ணன் கடையைத் திறக்கப் போனார். கொஞ்ச நேரம் நின்று தலையைச் சொறிந்துவிட்டு, ஆட்டோவுக்கு டீசல் போட வேண்டும் என்று தம்பியும் போனான். முப்பிடாதி கரையில் தனியாக நின்று, வளவு நின்ற இடத்தில் மண் அழுந்திக் கிடந்ததைப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கரையிலிருந்து இறங்கி, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.